சென்டரை எங்களிடம் ஒப்படைத்தார்கள்

எங்கள் ஊரில் விருந்தாளி வருகிறார் என்று தெரிந்துவிட்டால், வீட்டின் உண்மை நிலையை யாரும் முன்னறையில் வைத்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு நாற்காலிகள் வந்து சேரும். எங்கிருந்தாவது நெய்மீன் வரும். அடகுக் கடையில் இருக்கும் தங்க மாலைக்குப் பதிலாக நாத்தனாரின் மாலை கழுத்தில் கிடக்கும். இதில் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. பழைய மிஷன் சபையைச் சேர்ந்த எங்கள் குடும்பத்திலும் இப்படித்தான், வேலிக்கு அந்தப் பக்கம் கோயில் கமிட்டியில் இருக்கிற குடும்பத்திலும் இப்படித்தான். வந்தவர் கிளம்பியதும் நாற்காலியும் மாலையும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போகும். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை, நாளைக்கு நம் வீட்டுக்கும் ஆள் வரும். வெளியாள் முன்னால் குறைவு காட்டக் கூடாது, அவ்வளவுதான். எங்களை ஏமாற்ற நினைத்தவருக்கு எங்களுடைய இந்த ஒரு குணம் போதுமானதாக இருந்தது.

என் மகளுக்கு இப்போது இருபது வயது. உடம்புக்குத்தான் இருபது. பேச்சு நாலைந்து வார்த்தைகளுக்கு மேல் வராது. அவ்வப்போது வலிப்பு வரும். தனியாக விட்டுவிட்டு முற்றத்துக்குக்கூடப் போக முடியாது. அடுப்பைத் திருகிவிடுவாள், இல்லையென்றால் கேட்டைத் திறந்துகொண்டு ஹைவே பக்கம் நடந்துவிடுவாள். ஒருமுறை பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய், பிளாட்பாரத்தில் யாரோ வாங்கித் தந்த பழம்பொரியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எனக்குப் போன உயிர் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கணவர் எர்ணாகுளத்தில் டைல் வேலை செய்கிறார். முடிகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். மற்ற நாட்களிலெல்லாம் நானும் மகளும் மட்டும்தான், வாசல் கதவுக்கு உள்ளே.

அப்படி இருந்தபோதுதான் திருவனந்தபுரத்திலிருந்து அந்த அமைப்பு வந்தது. லாபம் பார்க்காத தொண்டு நிறுவனம் என்றார்கள். எங்கள் மாநிலத்துக்கு இது புதிதல்ல. படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க வரும் நர்ஸ் ஒரு அமைப்பிலிருந்து வருவார், அவருக்கு வேண்டிய கட்டில் இன்னொரு அமைப்பிலிருந்து வரும், ஆஸ்பத்திரி வாசலில் வேறு ஒருவர் சோற்றுப்பொதி கொடுத்துக்கொண்டிருப்பார். கேரளம் கேரளம் என்று வெளியூர்க்காரர்கள் புகழ்வதில் பாதி, சம்பளம் குறைந்த இந்த மனிதர்கள் நடந்து நடந்து உண்டாக்கினது. ஆகவே வந்தவர்களை நாங்கள் சந்தேகப்படவில்லை. மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகள் பகல் முழுக்க இருக்க ஓர் இடம், டீச்சர்மார், மதியச் சாப்பாடு, கூட்டிக்கொண்டு போய் விட ஒரு வேன் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் சபைக்குப் பின்னால் பழைய தொடக்கப் பள்ளிக்கூட ஹால் ஒன்று சும்மா கிடந்தது. சபைக் கமிட்டி அதை வாடகை இல்லாமல் தந்தது. கோயில் கமிட்டி, திருவிழாச் சோறு ஆக்கும் பெரிய பாத்திரங்களில் ஒரு பங்கை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவர் பூசினார்கள். சக்கர நாற்காலி ஏறச் சரிவு கட்டினார்கள். குளியலறைக்கு டைல் போட்டது என் கணவர். பிள்ளைகளுக்கு வழுக்காத டைல் வேண்டுமென்று நெய்யாற்றின்கரையில் கடை கடையாக ஏறி இறங்கினார். யாரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்கவில்லை. நம் வீட்டில் சாப்பிட்டவரிடம் காகிதம் கேட்பதா என்று நினைத்திருப்போம்.

அமைப்பின் தலைவி அப்படி என் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவர்தான். என் வயதிருக்கும். காட்டன் சேலை, கத்தரித்த முடி, எதையும் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை. மலையாளத்துக்காரர் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்பதற்குப் பதில் சேச்சி என்று கூப்பிட்டோம். இப்போது எழுதும்போதும் கை சேச்சி என்றுதான் எழுதுகிறது. போகட்டும். ஒரு ஹர்த்தால் அன்று பஸ் ஓடாமல் எங்கள் வீட்டிலேயே தங்கினார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு, என் மகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். தலையில் சீப்பு வைத்தால் அலறுகிற என் மகள், மறுநாள் காலையில் அவர் வாரிவிட்டபோது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் எனக்கு அது சொந்த அக்கா சொன்னது மாதிரிதான்.

சென்டர் திறந்தபின் எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பொருளாதாரம் என்று பெரியவர்கள் மேடையில் பேசுகிறார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். காலையில் வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதும், அத்தனை அம்மாக்களும் ஒரே நேரத்தில் தெருவில் இறங்கினோம். ஒருத்தி முந்திரி ஃபேக்டரிக்கு. ஒருத்தி உதியன்குளங்கரையில் ஒரு பேக்கரிக்கு. ஒருத்தி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு. வெளியே போக இஷ்டமில்லாத ஒருத்தி வீட்டிலேயே ஆப்பமாவு ஆட்டி விற்கத் தொடங்கி, கடைசியில் எங்கள் வீட்டிலும் சொந்தமாக மாவு அரைக்கிற பழக்கம் நின்றுபோனது. வேன் ஓட்டியவர் கல்ஃபிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவர். சமைத்தவர் புருஷன் இல்லாத பெண். பால் சொசைட்டியிலிருந்து வந்தது, காய்கறி பக்கத்து விளைத் தோட்டத்திலிருந்து. சென்டர் கேட்டுக்கு எதிரே ஒரு சாயாக்கடைகூட முளைத்துவிட்டது.

நான் பாறசாலையில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். மேஜை மேல் சேலையை விரித்துப் போடுவதில் ஒரு லாவகம் உண்டு, அது எனக்குச் சீக்கிரம் கைவந்தது. சம்பளம் பெரிதில்லை. ஆனால் மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்ற பெண்களோடு வாயடித்தபடி, சோறு ஆறிப்போகும் முன்னால் தின்றேனே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மகளைப் பெற்ற நாளிலிருந்து நான் சூடாகச் சோறு தின்றதில்லை. வீட்டுக்குத் திரும்பினால் மகளும் வேனிலிருந்து சிரித்துக்கொண்டு இறங்குவாள். தட்டைத் தானே கழுவப் பழகியிருந்தாள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைக் காட்டிச் சொல்லப் பழகியிருந்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான்காவது வருஷம் ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் சேச்சி அம்மாக்களைக் கூட்டிப் பேசினார். சென்டருக்குப் பண உதவி செய்கிறவர்கள் டெல்லியிலிருந்து வருகிறார்களாம், வீடியோ எடுப்பார்களாம். நம் ஊரின் கௌரவத்தைக் காட்ட வேண்டும் என்றார். யாரும் அழக் கூடாது, போகிற இடமெல்லாம் அழுகையைப் பார்த்துப் பார்த்து அவர்கள் சலித்துப்போய்விட்டார்கள் என்றார். நல்ல சேலை கட்டிக்கொள்ளுங்கள், உள்ள நகையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். குறைவு காட்டாதே என்று எங்கள் ஊர்க்காரிகளிடம் சொல்லித்தர வேண்டுமா? மீனுக்குத் தண்ணீரில் பாதை காட்டின மாதிரிதான்.

என் மாலை அப்போது அடகில் இருந்தது. மதில் பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் தோழியிடம் போய்க் கேட்டேன். அவள் பீரோவைத் திறந்து மாலையையும் இரண்டு ஜோடி வளையலையும் எடுத்துத் தந்தாள். தந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதென்ன மக்கா, உதவி கேக்கப் போறவளுக்க கழுத்துல இம்மாத்திரம் பொன்னு கெடந்தா, குடுக்கவன் பின்ன குடுப்பானா?”

“சேச்சி சொன்னதாக்கும்,” என்றேன். “நாம நல்லா இருக்கத பாத்தாத்தான் அவியளுக்கு இன்னும் குடுக்கத் தோணுமாம்.”

மாலையின் கொளுத்தை அவளே மாட்டிவிட்டாள்.

அன்றைக்கு நாங்கள் வைத்த சாப்பாட்டைச் சபையின் அசன விருந்தில்கூடப் பார்த்திருக்க முடியாது. அவியல், எரிசேரி, பொரித்த மீன், இரண்டு வகைப் பாயசம். மேஜைக்கு வெள்ளை விரிப்பு. பேக்கரிக்காரி கேக் கொண்டுவந்தாள். முந்திரி ஃபேக்டரிக்காரி முந்திரி கொண்டுவந்தாள். டெல்லியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் வெள்ளை முடியை ஒட்டக் கத்தரித்த ஒரு பெண்மணி, ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துக் குலுக்கினார். என் மகள் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே கழற்றவிட்டார். நல்ல மனுஷி என்று அப்போதே நினைத்தேன்.

பிறகு என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக் கேமராவைத் திருப்பினார்கள். நான் நன்றாகப் பேசுவேன் என்று சேச்சிதான் என்னைத் தேர்ந்தெடுத்தார். கேமராவுக்குப் பின்னால் நின்று அவரே கேள்வியும் கேட்டார். வேலையைப் பற்றிச் சொன்னேன். மகள் தட்டுக் கழுவுவதைச் சொன்னேன். இப்போது சொந்தக் காலில் நிற்கிறீர்கள், இல்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாளைக்கே நாங்கள் இல்லாமல் போனாலும் அம்மாக்கள் சேர்ந்து இதை நடத்துவீர்களா என்று கேட்டார். சுற்றிலும் ஆள் நிற்கிறது, வெளியூர் விருந்தாளி பார்த்துக்கொண்டிருக்கிறார், கழுத்தில் அடுத்தவள் மாலை மின்னுகிறது. முடியாது என்று எந்த நாக்கு சொல்லும்? நடத்துவோம், இது எங்களுடையதல்லவா என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். சேச்சி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

ஓணம் கழிந்து சில வாரத்தில் இன்னொரு கூட்டம். சென்டரை இனி அம்மாக்களின் கமிட்டியிடமே ஒப்படைப்பதாக அறிவித்தார்கள். தட்டில் பூ போட்டு, அதன் நடுவில் சாவியை வைத்து, என் கையில் தந்தார்கள். எங்களுக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை. சொந்தமாகிவிட்டது என்று நினைத்தோம். பாயசம் காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்தோம். என் கணவர் அன்றைக்கு எர்ணாகுளத்திலிருந்து போன் செய்து, எனக்க டைலை நல்லா பாத்துக்கிடுங்க என்று கிண்டல் பண்ணினார். நாங்கள் எவ்வளவு பெரிய முட்டாள்களாக இருந்தோம் என்று நினைக்கும்போது இன்றைக்கும் காது சூடாகிறது.

அந்த மாதம் முடிந்ததும் வேன் வரவில்லை. ரோட்டோரத்தில் மகளை நிறுத்திக்கொண்டு ஓட்டுநருக்குப் போன் செய்தேன். வண்டியைத் திருவனந்தபுரம் ஆபீசில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள், விட்டுவிட்டேன், இனி எனக்கும் வேலையில்லை என்றார். சென்டருக்கு நடந்தே போனோம். டீச்சர்மார் இல்லை. சமையல்காரப் பெண் மட்டும் வந்து, என்ன சமைப்பது, எதை வைத்துச் சமைப்பது என்று கேட்டுக்கொண்டு நின்றார். சேச்சிக்குப் போன் செய்தேன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. இனி எல்லாம் கமிட்டியின் பொறுப்பு, ஆலோசனை சொல்ல நாங்கள் எப்போதும் உண்டு என்றார். அடுத்த வாரம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் எடுக்கவில்லை.

முறை வைத்து நடத்திப் பார்த்தோம். ஒரு நாளைக்கு ஒரு அம்மா எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது, மற்றவர்கள் வேலைக்குப் போவது. முறை வந்த அன்று அவளுக்குக் கூலி கிடையாது. ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் முதலில் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவளின் முறையன்று ஒரு பையனுக்கு வலிப்பு நிற்காமல் வந்தது. அவள் அவனைத் தூக்கிக்கொண்டு ஹைவேயில் வண்டிகளை மறித்து ஓட, மீதிப் பிள்ளைகள் ஹாலில் தனியாக நின்று அலறிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, பையன் பிழைத்தான். அதோடு எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. யார் யாரைக் குற்றம் சொல்வது? ஒவ்வொருவராகப் பிள்ளையை வீட்டில் நிறுத்தினார்கள். ஒருநாள் காலையில் நானும் என் மகளும் மட்டும் அந்தப் பெரிய ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குப் பூட்டினேன்.

ஜவுளிக் கடை முதலாளி கல்யாண சீசன் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு நானே சொல்லிவிட்டு நின்றேன். பேக்கரிக்காரியும் நின்றாள். முந்திரிக்காரி தன் மகனை ஜன்னலில் கட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று ஊரில் பேச்சு எழுந்தது. ஊர் பேசியதே தவிர, அவளுக்குப் பதிலாக ஒரு மணி நேரம் யாரும் போய் உட்காரவில்லை. சாயாக்கடையை மூடிவிட்டார்கள். சொசைட்டியில் பால் வாங்குவது குறைந்தது. சென்டரின் பணம் வந்தபோது பரவின மாதிரியே, போகும்போதும் எல்லா வீட்டையும் தொட்டுக்கொண்டுதான் போனது.

உண்மையைச் சொன்னது சென்டரில் வேலை பார்த்த குளத்தூர்க்காரி டீச்சர். சின்ன வயசுக்காரி, பிள்ளைகள் மேல் பிரியமாக இருந்தவள். பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டு முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எக்கா, டெல்லில இருந்து அவிய வந்தது புதுசா தாறதுக்கில்ல. முடிக்கதுக்கு முன்னால கடைசியா பாக்க வந்ததாக்கும். வேற ஸ்டேட்டுல மலைப்பக்கம் புது சென்டருக்கு அதுக்கு முன்னமே ஒப்பு போட்டாச்சு. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அம்மாமாருக்கு மட்டும் தெரியாது.”

ஒரு ஊர் தன் காலில் நின்றுவிட்டது என்று காட்டினால்தான் அடுத்த ஊருக்குப் பணம் கிடைக்குமாம். அதைக் காட்டத்தான் வீடியோ. கேமராவுக்குப் பின்னால் நின்று கேட்ட அந்தக் கேள்விகூட ஆபீசில் உட்கார்ந்து எழுதியதாம். உனக்கும் தெரியுமல்லவா என்று டீச்சரைக் கேட்டேன். தெரியும் என்றாள். எங்கள் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் வாங்கினாயே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவளும் வேலை போனவள்.

பணம் நின்றுபோனதற்காக நான் கோபப்படவில்லை. தருகிறவன் என்றைக்காவது நிறுத்துவான், அது யாருக்கும் தெரிந்த விஷயம். சேச்சி அந்த ஹர்த்தால் இரவு மாதிரி ஒருநாள் வந்து உட்கார்ந்து, இனி ஒரு வருஷம்தான் முடியும் என்று சொல்லியிருந்தால் போதும். நாங்கள் சும்மா இருந்திருப்போமா? சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயின் விலையை ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டு வேனுக்கு டீசல் பார்த்திருப்போம். கோயில் கமிட்டி ஒரு திருவிழாவின் வாணவேடிக்கையைக் குறைத்திருக்கும். கல்ஃபில் இருக்கிறவர்களைப் பிடித்திருப்போம். பஞ்சாயத்து வாசலில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். என் மகளின் தலையை வாரிவிட்ட கையாலேயே எடுத்துக்கொண்டார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்க வேண்டுமென்று சபையில் எத்தனை பிரசங்கம் கேட்டாலும் முடியவில்லை.

போன வருஷம் அவரே கூப்பிட்டார். எத்தனையோ மாதம் எடுக்காத போனிலிருந்து, நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்த மாதிரி, சுகமா, மகள் சுகமா என்று கேட்டார். மாநிலத்தின் பொருளாதாரத்தில் தொண்டு நிறுவனங்களின் பங்கு என்று திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்கமாம். டெல்லிக்காரர்களும் வருகிறார்களாம். உங்கள் வீடியோவைப் போடப் போகிறோம், நீங்களும் வந்தால் மேடையில் மரியாதை செய்வோம் என்றார். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்றிருந்தது. ஆனால் டெல்லிக்காரர்கள் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வெள்ளை முடிப் பெண்மணிக்கு இங்கே நடந்தது தெரிந்திருக்காது. தெரிந்தால் விடமாட்டார். ஒருவேளை வேன் மட்டுமாவது திரும்பி வரும். வருகிறேன் என்று சொன்னேன்.

தையல்காரத் தோழி நாலு மணி வரைக்கும் மகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அதற்குமேல் அவள் கல்யாண வீட்டுக்கு பிளவுஸ் கொண்டு கொடுக்கப் போக வேண்டும். காலை ரயிலில் போனேன். இந்தத் தடவை யாரிடமும் மாலை வாங்கவில்லை.

பெரிய ஹோட்டல், குளிரடிக்கிற ஹால். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். தொண்டு நிறுவனங்கள் வேலை உண்டாக்குகின்றன என்றார்கள். பெண்களின் நேரத்தை விடுவித்துச் சம்பாத்தியமாக மாற்றுகின்றன என்றார்கள். ஒரு கிராமத்தில் செலவாகும் பணம் பல கைகளில் சுற்றி வருகிறது என்றார்கள். சிரிப்பு வந்தது எனக்கு. ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆப்பமாவும் பாலும் சாயாக்கடையும் என் கண் முன்னால் வந்து போயின. பிறகு சேச்சி எழுந்தார். முன்னேறிய மாநிலம் ஒன்றில் ஓர் அமைப்பு எப்படி மரியாதையாக விலகிக்கொண்டு, தேவை அதிகமுள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்று பேசினார். திரையில் என் முகம் வந்தது. தோழியின் மாலை பளபளத்தது. நடத்துவோம், இது எங்களுடையதல்லவா என்று நான் சொன்னேன். ஹால் முழுக்கக் கை தட்டியது. என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கை என் பக்கம் திருப்பவில்லை.

சாப்பாட்டு வேளையில் அந்தப் பெண்மணி உட்கார்ந்திருந்த மேஜையைத் தேடிப் போனேன். சேச்சியும் ஆபீஸ்காரர்கள் நாலு பேரும் அதே மேஜையில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் சேச்சி எழுந்து வந்து தோளில் கை போட்டுக்கொண்டார். டெல்லிக்காரருக்கு மலையாளம் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள், நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். நான் மலையாளத்தில் சொன்னேன். சென்டர் மூடிவிட்டது, என் வேலை போய்விட்டது, கடைக்குப் போகும் நேரம்கூட மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன் என்று சொன்னேன். சேச்சி ஆங்கிலத்தில் சொன்னார். இப்போது எப்போதும் மகளின் கூடவே இருக்க முடிகிறதாம், அம்மாக்கள் எல்லோரும் உங்களை அன்போடு விசாரித்தார்களாம்.

நான் பிளஸ் டூ படித்தவள். ஆங்கிலம் பேசத் திணறுவேன், கேட்டால் புரியும். மேஜையில் இருந்த ஆபீஸ்காரர்களைப் பார்த்தேன். எல்லோரும் மலையாளிகள், நான் சொன்னதும் புரிந்தது, சேச்சி சொன்னதும் புரிந்தது. ஒருவர் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் தலையை நிமிர்த்தவில்லை.

சேச்சியின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். “சென்டர் க்ளோஸ்டு,” என்றேன். “நோ வேன். நோ டீச்சர். மை ஜாப் கான். மை டாட்டர் இன்சைட், டோர் லாக்.”

அந்தப் பெண்மணி கரண்டியைக் கீழே வைத்தார். சேச்சியிடம் திரும்பி ஏதோ கேட்டார். ஆரம்பத்தில் கொஞ்சம் சிரமம் இருக்கத்தான் செய்யும், பொறுப்பு கைமாறும்போது எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சேச்சி அமைதியாகச் சொன்னார். பெண்மணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பில்லை. எனக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தை மெதுவாகப் பேசினார். நீங்கள் நடத்துவீர்கள் என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்களே, அன்றைக்கு உங்கள் முகத்தில் எவ்வளவு தைரியம், நான் உங்களை நம்புகிறேன் என்றார்.

நான் இன்று சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். அன்றைக்குக் கழுத்தில் தங்க மாலையோடு சொன்னவளைத்தான் நம்பினார்.

சேச்சி என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். “நிங்ஙள் தன்னெயல்லே பறஞ்ஞது?”

நீங்களேதானே சொன்னீர்கள். அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை. தலை வாரிவிட்ட அன்றைக்கு என் மகளிடம் பேசினாரே, அதே மெல்லிய குரல்.

பதில் என்னிடம் இருந்தது. அந்தக் கேள்வியை எழுதியது யார் என்று கேட்க வேண்டும். மாலை யாருடையது என்று சொல்ல வேண்டும். அந்த நாலு ஆபீஸ்காரர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வாயைத் திறங்கள் என்று சத்தம் போட வேண்டும். தெரிந்த ஆங்கிலமெல்லாம் தீரும்வரை அந்த மேஜையை விட்டு நகரக் கூடாது என்றிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரை ஆகப் போகிறது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, நெய்யாற்றின்கரை நெரிசலைத் தாண்டிப் பாறசாலையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். பெண்மணியின் கையிலிருந்து என் கையை விடுவித்துக்கொண்டேன். நாலு மணிக்கு மேல் என் மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.